'பழசே நல்லா இருந்துச்சு' என்று பிள்ளைகள் சொல்லும்போது

நிரல் எழுதப் பழக்கும் மென்பொருளின் புதுப் பதிப்பை, அதுவும் இன்னும் முழுமையாகாத முன்மாதிரியை, பள்ளிக் கணினி அறையில் திறந்து வைத்தால் முதல் கால் மணி நேரத்துக்குள் காதில் விழுவது இந்த வாக்கியம்தான்: "பழசே நல்லா இருந்துச்சு." உழைத்துச் செய்தவர்களுக்கு அது மனதைத் தைக்கும். ஆனால் அதை ஒரு கருத்தாக நோட்டில் எழுதி வைத்தால் எதையும் திருத்த முடியாது. சொன்ன பிள்ளையின் கை எந்த இடத்தில் நின்றது என்று எழுதி வைத்தால் திருத்தலாம். பெரும்பாலும் ஒரே ஒரு பிளாக் (கட்டளை எழுதிய, இழுத்து அடுக்கும் கட்டை), ஒரே ஒரு சொல், இடம் மாறிய ஒரே ஒரு பொத்தான்தான் காரணமாக இருக்கும். கடலூர், புதுச்சேரி பக்கம் தமிழ் பிளாக்குகளோடு இப்படிப்பட்ட மென்பொருளை உருவாக்குபவர்களுக்கும், சோதனைக்குத் தங்கள் கணினி அறையைத் திறந்துவிடும் ஆசிரியர்களுக்கும் இந்தப் பதிவு.

பிளாக்குகளை இழுத்து அடுக்கி நிரல் எழுதப் பழக்கும் ஸ்கிராட்சையே எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்து மீடியா லேபிலிருந்து 2007இல் எல்லோருக்கும் வெளிவந்தது. 1.4 பதிப்பில், பிளாக்குகள் சொன்னபடி நடக்கும் பூனை நிற்கும் மேடை திரையின் வலப்பக்கம். 2013 மே மாதம் வந்த 2.0 பதிப்பில் மேடை இடப்பக்கம் போனது. 2018 ஆகஸ்டில் பீட்டாவாக (சோதனைப் பதிப்பாக) வந்து 2019 ஜனவரி 2 அன்று முழுமையாக வெளியான 3.0 பதிப்பில் மறுபடி வலப்பக்கம் வந்தது. உள்ளே அதை ஓட்டும் தொழில்நுட்பமும் மாறியது: ஃப்ளாஷ் போய் ஜாவாஸ்கிரிப்ட் வந்தது. டேப்லெட்டில் விரலால் இழுக்க வசதியாக பிளாக்குகள் பெரிதாயின. ஏற்கெனவே வரிசையில் தெரிந்த, கோடு வரையும் 'பென்' வகை, கூடுதல் வசதிகளின் பட்டியலுக்குள் போய்விட்டது. சதுரம் வரைவதை முதல் பாடமாக வைத்திருந்த ஆசிரியருக்கு இந்தக் கடைசி மாற்றம்தான் பெரிய இடி. முன்பு பிளாக்கை நேரே இழுத்தால் போதும். இப்போது இடப்பக்கம் அடியில் உள்ள பொத்தானைத் தட்டி, படப் பட்டியலில் பென்னைத் தேடி, சேர்த்துவிட்டுத்தான் தொடங்க முடியும். அவர் "பழசே நல்லா இருந்துச்சு" என்று சொன்னால் அதன் பொருள், "என் முதல் பாடத்துக்கு முன்னால் நீங்கள் மூன்று படிகளைச் சேர்த்துவிட்டீர்கள்" என்பதுதான். மிகத் துல்லியமான புகார் அது.

இதற்கு மருந்தும் எளிது. ஒரு பிளாக்கையோ வகையையோ இடம் மாற்றினால், பழைய இடத்தில் மங்கலான ஒரு வழிகாட்டியை ஒரு பதிப்புக் காலமாவது விட்டு வையுங்கள். தட்டினால் புது இடத்தைத் திறந்து காட்டட்டும். தேடல் பெட்டி இருந்தால் பழைய பெயரைத் தட்டச்சு செய்தாலும் புதுப் பிளாக் வர வேண்டும்.

இனி சோதனையை நடத்தும் முறை. பயன்பாட்டுச் சோதனை வல்லுநர் ஜேகப் நீல்சன் சொன்ன ஐந்து பேர் கணக்கைப் பலர் அறிந்திருப்பார்கள். ஒருவர் சராசரியாக 31 விழுக்காடு சிக்கல்களைக் காட்டிக்கொடுப்பார் என்று வைத்தால், ஐந்து பேருக்குள் ஏறத்தாழ 85 விழுக்காடு வெளிப்பட்டுவிடும். ஆனால் அந்த ஐந்து பேரும் ஒரே வகையினராக இருக்க வேண்டும். ஏழாம் வகுப்புத் தமிழ்வழி மாணவர், ஆங்கிலவழி மாணவர், ஆசிரியர் மூவரையும் கலந்து ஐந்து பேர் என்று கணக்குக் காட்டினால் பயனில்லை. ஒவ்வொரு வகைக்கும் தனித்தனியாக ஐந்து வேண்டும்.

தனியாக உட்காரவைத்து "மனசுல நினைக்கிறதைச் சொல்லிக்கிட்டே செய்" என்பது நம் பிள்ளைகளிடம் எடுபடாது. புதிதாக வந்த பெரியவர் பக்கத்தில் நின்றால் வாயே திறக்க மாட்டார்கள். இரண்டு பேரை ஒரே கணினியில் உட்காரவையுங்கள். "இத எங்கடி வச்சிருக்கான்?", "அது இல்ல, மேல பாரு" என்று அவர்களுக்குள் பேசிக்கொள்வதுதான் உங்களுக்கு வேண்டிய தரவு. பாதி ஜோடிகள் பழைய பதிப்பில் தொடங்கிப் புதியதுக்கு வரட்டும். மீதிப் பாதி தலைகீழாக. எல்லோரும் பழையதிலேயே தொடங்கினால் இரண்டாவதில் வேகமாகச் செய்வது புதுப் பதிப்பின் நன்மையா, ஏற்கெனவே ஒருமுறை செய்த பழக்கமா என்று பிரிக்க முடியாது.

வகுப்பு நேரம் 40 அல்லது 45 நிமிடம். ஐந்து நிமிடம் உட்காரப் போனால், 25 நிமிடத்தில் மூன்று வேலைகளுக்கு மேல் கொடுக்காதீர்கள். வேலையைத் தாளில் அச்சிட்டுக் கொடுங்கள், ஆனால் பிளாக்கில் உள்ள சொற்களை அந்தத் தாளில் பயன்படுத்தாதீர்கள். "4 முறை திரும்பச் செய் என்பதைப் பயன்படுத்திச் சதுரம் வரை" என்று எழுதினால் பிள்ளை எழுத்தைப் பொருத்திப் பார்த்து எடுத்துவிடும். பிளாக்கின் பெயர் புரிந்ததா என்பது தெரியவே தெரியாது. "பூனை சதுரமாக நடந்து, கிளம்பிய இடத்துக்கே வர வேண்டும்" என்று எழுதுங்கள். இரண்டாவது வேலைக்குப் பண்ருட்டிப் பலாப்பழம் நல்ல விஷயம்: பழம் மேலிருந்து விழ வேண்டும், கூடையில் பட்டால் ஒரு மதிப்பெண் கூட வேண்டும். இந்த ஒரே விளையாட்டில் நகர்வு, நிபந்தனை, மாறி (மதிப்பெண் போல மாறும் மதிப்பை வைத்திருக்கும் பெயர்) மூன்றும் வந்துவிடும்.

பார்வையாளர் கையில் நோட்டு, கடிகாரம். கை பத்து வினாடிக்கு மேல் நின்றால் நேரத்தைக் குறியுங்கள்; சுட்டி எதன்மேல் நின்றது, வாயில் என்ன வந்தது என்பவற்றையும் பக்கத்திலேயே எழுதுங்கள். உதவி கேட்டால் உடனே சொல்லிவிடாதீர்கள். "நீ என்ன நினைக்கிற?" என்று ஒருமுறை கேட்டு, ஒரு நிமிடம் பொறுங்கள். பிள்ளைகளைப் படமோ குரலோ பதிவு செய்வதாக இருந்தால் பெற்றோரிடமும் தலைமை ஆசிரியரிடமும் எழுத்தில் அனுமதி வேண்டும். பெயரை எழுதாமல் 'ஜோடி 3' என்று எண் போடுவதே நல்லது.

முடிந்ததும் "எப்படி இருக்கு?" என்று மட்டும் கேட்காதீர்கள். "நல்லா இருக்குண்ணா" என்றுதான் பதில் வரும். பெரியவர்கள் ஆசையாகக் கொண்டுவந்ததைக் குறை சொல்லக் கூடாது என்று வளர்த்த பிள்ளைகள் அவர்கள். "உன் தம்பிக்கு நீ சொல்லிக் கொடுத்தா, எந்த இடத்துல அவன் மாட்டிக்குவான்?" என்று கேளுங்கள். தனக்குக் கடினமாக இருந்த இடத்தை அப்படியே தம்பிமேல் வைத்துச் சொல்லிவிடும்.

கணினி அறையின் சிக்கல்களை மென்பொருளின் சிக்கல்களோடு குழப்பிக்கொள்ளும் ஆபத்து இங்கே நிறைய. பழைய மடிக்கணினிகளில் பரவலாக உள்ள 1366 × 768 திரையில் விண்டோஸ் அளவு 125 விழுக்காடு என்று இருந்தால், உலாவிக்குக் கிடைப்பது ஏறத்தாழ 1093 × 614தான். உருவாக்குபவரின் பெரிய திரையில் அழகாகத் தெரிந்த, நிரலை ஓடவிடும் பச்சைக்கொடி இங்கே வெளியே தள்ளப்பட்டிருக்கும். "ஓடவே மாட்டேங்குது" என்ற புகாருக்கு அதுவே காரணமாக இருக்கலாம். ஸ்கிராட்ச் 3.0 போல வெப்ஜிஎல் (உலாவியில் படம் வரையும் வசதி) தேவைப்படும் மென்பொருள், பெரும்பாலான வேலையைச் சர்வரிடம் விடும் தின் கிளையன்ட் வகைக் கணினிகளில் மேடையையே காட்டாமல் போகலாம். முதல் நாளே போய் ஒரு பிளாக்கை ஓட்டிப் பாருங்கள். தேவனாம்பட்டினம், முத்தியால்பேட்டை போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக்காற்று மவுஸ் பொத்தானையும் விசைகளையும் சீக்கிரம் கெடுக்கும். பிளாக்கை நகலெடுக்கவும் அழிக்கவும் வலப் பொத்தான் ஒன்றே வழி என்று வைத்தால், அந்தப் பொத்தான் செத்த மவுஸ் கிடைத்த பிள்ளை நின்றுவிடும். அழிக்க இழுத்துப் போடும் வழியும், நகலுக்கு ஒரு விசைச் சேர்க்கையும் இருக்கட்டும்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மின்சாரம் எந்த நிமிடமும் போகும். முப்பது வினாடிக்கு ஒருமுறை தானாகச் சேமிக்கும் வசதி வேண்டும். ஆனால் உலாவியின் உள்சேமிப்பை மட்டும் நம்பாதீர்கள். மறுதொடக்கத்தில் எல்லாவற்றையும் பழைய நிலைக்குத் துடைத்துவிடும் ஏற்பாடு உள்ள அறைகளில் அது காணாமல் போகும். கோப்பாக டிஸ்கில் இறக்கிவைக்கும் பொத்தான், கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இருக்க வேண்டும்.

இப்போது பிளாக்கின்மேல் உள்ள தமிழ். எதிர்வினைகளில் பாதிக்கு வேர் இங்கேதான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

ஆங்கிலத்தில் கட்டளையின் வினை முதலில் நிற்கும். பிளாக் வரிசையின் இடது ஓரத்தை மேலிருந்து கீழே பார்த்தாலே வினைகளின் பட்டியல் கிடைத்துவிடும். தமிழில் வினை கடைசியில். '10 அடி நகர்', '15 பாகை திரும்பு', '1 வினாடி காத்திரு' என்று அடுக்கினால் இடது ஓரத்தில் நிற்பவை எண்கள் மட்டுமே. பிள்ளை தேடும் 'திரும்பு' என்ற சொல் ஒவ்வொரு பிளாக்கிலும் வேறு வேறு தூரத்தில் இருக்கும். "கண்டுபிடிக்கவே முடியல" என்பார்கள். இதற்காக 'நகர் 10 அடி' என்று வரிசையை உடைப்பது எனக்கு உடன்பாடில்லை. படிக்கும்போது தமிழாக இல்லை. இடது ஓரத்தில் ஒரு சிறு படம் போதும்: நகர்வுக்கு நேர் அம்பு, திரும்புதலுக்கு வளைந்த அம்பு, காத்திருப்புக்குக் கடிகாரம். வளைந்த அம்பு இருந்தால் 'கடிகார முள் திசையில்' என்ற நீளச் சொல்லும் தேவையில்லை. பிளாக்கின் அகலம் பாதியாகும்.

நிபந்தனைப் பிளாக்கில் இதே சிக்கல் இன்னும் கூர்மையாக வரும். '⬡ என்றால்' என்று எழுதினால் பிளாக் ஒரு வெற்று ஓட்டையில் தொடங்குகிறது. ஓட்டை நிரம்பும்வரை அது என்ன பிளாக் என்று தெரியாது. முத்து அண்ணாமலை உருவாக்கிய, தமிழிலேயே தட்டச்சு செய்யும் எழில் நிரல்மொழியில் நிபந்தனையை முதலில் அடைப்புக்குள் எழுதி, அதன் பின்னால் 'ஆனால்' என்று வரும். தட்டச்சு மொழியில் அது இயல்பாக ஓடுகிறது, ஏனென்றால் எழுதுபவரே இடமிருந்து வலமாக நிரப்பிக்கொண்டு போகிறார். பட்டியலிலிருந்து பொறுக்கி எடுக்கும் பிளாக்குக்கு இடப்பக்கம் ஒரு பிடி வேண்டும். 'ஒருவேளை ⬡ என்றால்' என்பது என் தேர்வு. பேச்சிலும் அப்படித்தான் சொல்கிறோம். பிளாக்லியில் (பிளாக் மென்பொருள் கட்ட உதவும் கருவி) எழுதுபவர்களுக்கு இது வெறும் மொழிக்கோப்பு மாற்றம்தான்: ஓட்டை எங்கே விழ வேண்டுமோ அங்கே %1 என்று வைத்தால் போதும், நிரலைத் தொட வேண்டாம்.

அடுத்தது வேற்றுமை உருபு. மாறியின் பெயர் ஒரு பட்டியலிலிருந்து வருகிறது. உருபு அதனோடு ஒட்ட முடியாது. அதனால் 'மதிப்பெண் ஐ 1 ஆல் மாற்று' என்று ஒரு பிளாக் பிறக்கிறது. 'மதிப்பெண்ணை' என்று புணர்ந்து வராமல் அந்தரத்தில் தொங்கும் 'ஐ' பிள்ளைகளை அப்படியே நிறுத்திவிடும். வழி: பெயருக்குப் பின்னால் ஒரு பொதுப்பெயரைப் போட்டு, உருபை அதன்மேல் ஏற்றிவிடுங்கள். 'மதிப்பெண் மதிப்பை 0 ஆக்கு.' 'மதிப்பெண் மதிப்போடு 1 கூட்டு.' 'பூனை க்குப் போ' என்பதை 'பூனை இருக்கும் இடத்துக்குப் போ' என்று மாற்றுங்கள். கொஞ்சம் நீளம்தான், ஆனால் எந்தப் பெயர் வந்தாலும் வாக்கியம் உடையாது.

இதில் 'கூட்டு' என்ற சொல்லை வேண்டுமென்றே தேர்ந்தெடுக்க வேண்டும். ஆங்கிலத்தைப் பார்த்து 'மாற்று' என்று போட்டால், 'மதிப்பெண்ணை 1 ஆக மாற்று' என்றே பிள்ளை படிக்கும். பலாப்பழ விளையாட்டில் மதிப்பெண் ஒன்றைத் தாண்டாமல் நிற்பதற்கு இதுவே முதல் காரணம். 'ஆக்கு', 'கூட்டு' இரண்டும் அடுத்தடுத்து நின்றால் வேறுபாடு தானாக விளங்கும்.

'நகரவும்', 'காத்திருக்கவும்' என்ற அலுவலக நடை வேண்டாம். கணினிக்கும் பூனைக்கும் 'நகர்', 'போ', 'நில்' போதும். மரியாதை குறைகிறதே என்று எந்த ஆசிரியராவது சொன்னால், கட்டளை கேட்பது இயந்திரம் என்று விளக்கினால் ஏற்றுக்கொள்வார். இன்னொன்று, பிள்ளைகள் வாயில் வரும் 'லூப்', 'ஸ்கோர்' போன்ற சொற்களைத் தவறு என்று திருத்தாதீர்கள். புதுச்சேரியில் அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்துக்கு மாறியபின் புத்தகத்தில் ஆங்கிலச் சொல்லைத்தான் பார்க்கிறார்கள். தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் ஒரே தட்டலில் மாறும் பொத்தான் திரையின் மேலேயே இருக்கட்டும்.

எழுத்துரு பற்றி ஒரு வார்த்தை. பிளாக்கின் அகலத்தை உலாவி அளக்கும் நேரத்தில் தமிழ் எழுத்துரு இறங்கியிருக்காவிட்டால் எழுத்து பிளாக்குக்கு வெளியே வழியும். இணையம் இல்லாத அறையில் இது நிச்சயம் நடக்கும். எழுத்துருவை மென்பொருளோடே கட்டிக் கொடுத்து, அது ஏறிய பிறகு பிளாக்குகளை வரையுங்கள். 'ரீ', 'டி' போன்ற எழுத்துகளின் மேல்சுழி வெட்டுப்படுகிறதா என்றும் பாருங்கள்.

தமிழ் எழுத்துகளை நிரலுக்குள் பயன்படுத்தும்போது வரும் எதிர்வினைகள் இன்னும் சுவையானவை. 'கடலூர்' என்ற சொல்லின் நீளம் என்ன என்று பிளாக்கில் கேட்டால் 6 என்று வரும். பிள்ளை விரல்விட்டு எண்ணி நான்கு என்கிறது. பிள்ளை சொல்வதுதான் சரி. கணினி யூனிகோட் குறிகளை எண்ணுகிறது: க, ட, ல, ஊகாரக் குறி, ர, புள்ளி. 'புதுச்சேரி'க்கு 5 எழுத்து, கணினி 10 என்கிறது. 'முதல் எழுத்து எது' என்று கேட்டால் 'பு' வராமல் 'ப' மட்டும் வரும். சொல்லைத் திருப்பி எழுதும் பயிற்சியில் உயிர்க்குறிகள் சிதறி புள்ளிவட்டங்களோடு வந்து நிற்கும். ஜாவாஸ்கிரிப்டில் Intl.Segmenter என்ற கருவி இதைச் சரிசெய்யும். குரோமில் 87ஆம் பதிப்பிலிருந்தும் ஃபயர்ஃபாக்ஸில் 125ஆம் பதிப்பிலிருந்தும் இருக்கிறது. பழைய உலாவி உள்ள அறைகளுக்கு, உயிர்மெய்க் குறியையும் புள்ளியையும் முந்தைய எழுத்தோடு சேர்த்து எண்ணும் பத்து வரி நிரலே போதும். 'க்ஷ' மட்டும் இரண்டாக எண்ணப்படும். அதைத் தனி விதியாகச் சேர்க்க வேண்டும்.

'விடை சரியாத்தானே அடிச்சேன், தப்புன்னு சொல்லுது' என்ற புகாருக்கும் இங்கேதான் விடை. 'கொக்கு' என்பதில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், கொம்பு தனி, கால் தனி என்று இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். சமமா என்று கேட்டால் கணினி இல்லை என்னும். ஒப்பிடும் முன் இரண்டையும் என்எஃப்சி வடிவத்துக்கு (பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் யூனிகோட் வடிவம்) மாற்றுங்கள். முன்னும் பின்னும் உள்ள வெற்றிடத்தையும் நீக்குங்கள்.

தமிழ்99 விசைப்பலகை போட்டிருக்கும்போது 'A விசை அழுத்தப்பட்டால்' என்ற நிகழ்வு வேலை செய்யாது. உலாவிக்குப் போவது தமிழ் எழுத்து. சில உள்ளீட்டுக் கருவிகளில் எந்த விசையை அழுத்தினாலும் 229 என்ற ஒரே எண்தான் வரும். விசையின் எழுத்தை விட்டுவிட்டு, பலகையில் அது இருக்கும் இடத்தை வைத்து அடையாளம் காணுங்கள். அதுவரை மாதிரி விளையாட்டுகளை அம்புக்குறி விசைகளிலும் ஸ்பேஸ் விசையிலும் மட்டுமே அமையுங்கள்.

ஆசிரியர்களின் எதிர்வினையைத் தனி நோட்டில் எழுதுங்கள். தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்திலேயே ஸ்கிராட்ச் இருக்கிறது. புத்தகத்தில் அச்சான படமும் திரையும் ஒத்துப்போகாவிட்டால், நாற்பது பிள்ளைகள் ஒரே நேரத்தில் "மிஸ், எனக்கு அது வரல" என்று கை தூக்குவார்கள். அந்தச் சுமை முழுவதும் ஒரே ஆசிரியரின் தலையில். புதுப் பதிப்போடு, பழைய படமும் புதிய படமும் அருகருகே உள்ள ஒரு பக்கத் தாளைத் தமிழில் கொடுங்கள். அதை ஒட்டிவைக்கச் சுவர் கேட்டு வாங்குங்கள்.

பழைய கோப்புகளின் சோதனையைப் பிள்ளைகள் வருமுன் நீங்களே முடித்துவிட வேண்டும். பழைய பதிப்பில் அவர்கள் செய்த இருபது கோப்புகளை வாங்கி ஒவ்வொன்றையும் மூன்று கேள்விகளோடு திறந்து பாருங்கள்: திறக்கிறதா, அதேபோலத் தெரிகிறதா, அதேபோல ஓடுகிறதா. மூன்றாவதுதான் ஏமாற்றும், வேகம் மாறியிருந்தால் பலாப்பழம் கூடைக்குள் பிடிபடாமல் நழுவும். ஸ்கிராட்சின் 3.0 கோப்பு உண்மையில் ஒரு ஜிப் பொட்டலம். உள்ளே பிளாக்கின் பெயர் தமிழிலோ ஆங்கிலத்திலோ இருப்பதில்லை, மாறாத உட்குறியாக இருக்கிறது. ஆகவே மேலே பார்த்த சொல் மாற்றங்கள் எதுவும் பழைய கோப்பை உடைக்காது, தைரியமாகச் செய்யலாம். உட்குறியை மாற்றினால்தான் பிள்ளையின் உழைப்பு போகும். 2.0 கோப்பை 3.0 திறக்கும், 3.0 கோப்பை 2.0 திறக்காது, பள்ளியில் புதியது, வீட்டில் பழையது என்று இருக்கும் பிள்ளைக்கு இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

நோட்டுகள் நிறைந்தபின் வரிசைப்படுத்துவது எப்படி? வேலையை முடிக்கவிடாமல் நிறுத்தியவை முதலில், ஒரே ஜோடிக்கு நடந்திருந்தாலும். வேலை முடிந்தும் தவறான விடை தந்தவை அடுத்து. மதிப்பெண் ஒன்றிலேயே நின்றது இந்த வகை. தாமதப்படுத்தியவை மூன்றாவது, இவற்றுக்கு எத்தனை ஜோடிகள் என்ற எண்ணிக்கை முக்கியம். நிறம், பூனையின் உருவம், பொத்தானின் வளைவு பற்றிய பேச்சு கடைசி. இரண்டு வாரம் கழித்து அதே பிள்ளைகளிடம் கேட்டால் பாதி தானாக மறைந்திருக்கும். ஒரு சுற்றில் மூன்று நான்கு திருத்தங்களுக்கு மேல் செய்ய வேண்டாம், அடுத்த சுற்றுக்குப் புதிய ஐந்து ஜோடிகளைக் கூப்பிடுங்கள்.

ஆசிரியர்கள் பிறகு அனுப்பும் புகாருக்கு ஒரு சிறு படிவம் போதும்: பதிப்பு எண், உலாவி, திரை அளவு, கோப்பு, என்ன எதிர்பார்த்தீர்கள், என்ன நடந்தது. கோப்பு இல்லாமல் வரும் புகாருக்கு முதல் பதில் "கோப்பை அனுப்புங்கள்" என்பதே. முழுப் பதிப்பைக் கோடை விடுமுறையில் வெளியிடுங்கள், தேர்வுக்கு நடுவில் வேண்டாம். பழைய பதிப்பின் நிறுவுகோப்பை ஒரு கல்வியாண்டு முழுக்கக் கணினி அறைப் பென்டிரைவில் வைத்திருங்கள். கோப்புப் பெயரிலேயே பதிப்பு எண்ணும் தேதியும் இருக்கட்டும்.